மாநாடு முடிந்த மறுவாரம்

என் மகனுக்கு அமெரிக்காவில் ஒரு வினோதமான வேலை. ஜனாதிபதி தேர்தல் வந்தால், முன்பின் தெரியாத ஆட்களிடம் போனில் கருத்துக் கேட்டு, யார் ஜெயிப்பார் என்று கணக்குப் போடுகிற கம்பெனி அது. ஊர் உலகமெல்லாம் என்ன நினைக்கிறது என்று அவனுக்கு அத்துப்படி. மதுரை திருநகரில் தனியாக உட்கார்ந்திருக்கும் அப்பன் என்ன நினைக்கிறான் என்பது மட்டும் தெரியாது.

போன வருஷம் ஆவணியில் அவன் அம்மா இறந்தாள். ஓடி வந்தான், கொள்ளி வைத்தான், கருமாதி வரை இருந்தான். கிளம்புகிற அன்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு..." என்று வாயெடுத்தான். எழுமலையிலிருந்து வந்திருந்த என் தங்கச்சி குறுக்கே விழுந்தாள்.

"கேத வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாதுய்யா. சும்மா கெளம்பு."

துக்கம் கேட்க வந்தவர்களுக்கான வழக்கம் அது. பெத்த பிள்ளைக்குமா என்று எனக்கு எரிச்சல். ஆனால் அந்த நேரத்தில் அவளோடு யார் மல்லுக்கட்டுவது? அவனும் வார்த்தையை விழுங்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டான்.

போன புதிதில் தினமும் போன். சாப்பிட்டியாப்பா, மாத்திரை போட்டியாப்பா. எனக்கே சலித்துப்போகும். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்புறம் அதுவும் விட்டுவிட்டுத்தான் வந்தது. நானும் அவன் அம்மாவும் சண்டை போட்ட வீட்டில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. உள்ளதைச் சொன்னால், தனிமை என்னைத் தின்றது.

இந்த வருஷம் தலைத் திதிக்காவது வருவான் என்று நம்பியிருந்தேன். திதி நெருங்குகையில் கூப்பிட்டான்.

"வர முடியாது போலப்பா. இங்க ஒரு கட்சி மாநாடு முடிஞ்சிருச்சு, இன்னொண்ணு நடக்குது. இப்பத்தான் எங்களுக்கு வேலையே."

"மாநாடு முடிஞ்சா முடிஞ்சதுதானே?"

"இல்லப்பா. முடிஞ்சதும் அந்தக் கட்சி வேட்பாளருக்கு ஆதரவு விறுவிறுன்னு ஏறும். டிவி பூரா அவர்தானே. கொஞ்ச நாள்ல இறங்கிரும். இறங்கி எங்க நிக்குதோ, அதான் நெசம். அதுவரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

இதை எனக்கு வகுப்பெடுக்க வேண்டுமா? அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். மதுரையில் மாநாடு என்றால் என் பஸ்ஸில் கொடியும் கூச்சலுமாக இருக்கும். "இனி நம்ம ஆட்சிதாண்ணே" என்று ஒருவன் தோளைத் தட்டுவான். மறுவாரம் அவனே டீக்கடையில் அதே தலைவரைத் திட்டிக்கொண்டிருப்பான். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கருமாதி முடிந்து தினமும் கூப்பிட்டானே, அதுவும் அப்படி ஏறின கணக்குதான். இப்போது இறங்கி நிற்கிறது.

திதியன்று தங்கச்சி வந்து படையல் போட்டாள். மகன் சூடம் காட்ட வேண்டிய இடத்தில் நான் காட்டினேன். அவளும் மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் மகன் கூப்பிட்டான்.

"நல்லபடியா முடிஞ்சுச்சாப்பா?"

"முடிஞ்சுச்சு. நீ எம்புட்டுப் பேர்ட்ட கருத்துக் கேட்ட?"

"நிறையப் பேர்ட்டப்பா."

"எங்கிட்டயும் ஒண்ணு கேளேன்."

"என்ன கேக்க?"

"உங்கப்பனுக்கு என்ன வேணும்னு."

அவன் கேட்கட்டும் என்று காத்திராமல் நானே சொன்னேன்.

"வருஷம் திரும்பிருச்சுய்யா. இனி இது கேத வீடு இல்ல. அன்னிக்கு வாசல்ல சொல்ல வந்தியே, அதை இப்பச் சொல்லு."

"வாரேன்ப்பா. தேர்தல் முடியவும் வாரேன்," என்றான்.

திதி நாளில் சொன்ன வார்த்தை. இதுவும் மாநாடு முடிந்த கையோடு ஏறுகிற கணக்குதான், இறங்கட்டும், பிறகு பார்ப்போம் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன். அதட்டியதெல்லாம் இரவோடு சரி. காலையில் மாடிக்குப் போய், பூட்டிக் கிடந்த அவன் அறையைத் திறந்து, மெத்தையை இழுத்து வெயிலில் போட்டேன்.