வாகனக் கொட்டில்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பார். அம்மாவுக்கு அதுவும் வராது. அதனால்தானோ என்னவோ, யாராவது தமிழில் எழுதித் தரச் சொன்னால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிடும்.

டெக்சாஸில் நான் இருக்கும் பேர்லேண்டில் புயல் காலம் தொடங்குவதற்கு முன்பு, எங்கள் பகுதி மின்சாரக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி கோயில் ஹாலுக்கு வந்தார். பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் ஹெல்மெட், பெரியவர்களுக்குக் கரண்ட் போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மாக்களுக்காக அதைத் தமிழில் போட வேண்டும் என்றார். நான் கை தூக்கினேன். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதச் சொன்னார். எழுதியதை, அப்படி வந்திருக்கும் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டச் சொன்னார்.

ஜெனரேட்டரை கராஜில் வைத்து ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் ஓட்டாதீர்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் இப்படி எழுதினேன்: ‘மின்னாக்கியினை வாகனக் கொட்டிலினுள் இயக்குதல், அதன் கதவு திறந்திருப்பினும், தவிர்க்கப்பட வேண்டும்.’ நாலு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டலாமா என்று தோன்றியது. “அப்படின்னா என்னப்பா?” என்று கேட்பார். கேட்டால் அந்த வாக்கியத்தை உடைக்க வேண்டிவரும். போடவில்லை. வேறு யாருக்கும் படித்துக் காட்டாமலே, இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது என்று கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டேன்.

தமிழ்ப் பள்ளி ஆன்ட்டி ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, “எவ்ளோ ப்யூர் தமிழ்ப்பா!” என்றார். ஒரு வாரம் அதிலேயே மிதந்தேன்.

புயல் வந்தது, கரண்ட் போனது. மூன்றாம் நாள் காலை, அடுத்த தெருவில் இருக்கும் நர்ஸ் அக்கா போன் செய்தார். கணவர் வேலையாக டாலஸில் இருக்க, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாமனாரை வீட்டில் விட்டுவிட்டு ட்யூட்டிக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது பெரியவர் சமையலறைத் தரையில் கிடந்தார். சமையலறையை ஒட்டிய கராஜின் வெளிக்கதவு பாதி திறந்திருக்க, உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது; புகை வீட்டுக்குள் வந்திருந்தது.

“மாமாவுக்கு இப்ப பரவால்ல. ஆக்சிஜன் குடுத்துட்டு இருக்காங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் படிச்சது இங்கிலீஷ் ஷீட். கராஜ்ல வைக்கக் கூடாதுன்னு தெளிவா இருந்துச்சு. நீ எழுதுன தமிழ் ஷீட்லயும் இருக்கும்னு நம்பி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போனேன். இருந்துச்சா, இல்லயா?”

“இருந்துச்சுக்கா” என்றேன். பொய் இல்லை. அதைச் சொன்னபோதுதான் எனக்கு என்னையே பிடிக்காமல் போனது.

ஆஸ்பத்திரியில் பெரியவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். முப்பது வருஷம் ரைஸ் மில்லில் டீசல் இன்ஜின் ஓட்டியவர். பேச ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

“மழை விடல தம்பி. இன்ஜின் நனையுமேன்னு கார் ஷெட்டுல வச்சேன். பேப்பரப் படிச்சுட்டுத்தான் வச்சேன். மின்னாக்கின்னு போட்டிருந்துச்சு. கம்பெனிக்காரன் போஸ்டு மேல தொங்கவிட்டிருக்கான்ல, அந்தப் பொட்டியாக்கும்னு நெனச்சேன். கொட்டில்னா மாடு கட்டுற எடம். டெக்சாஸ்ல மாட்டுப் பண்ண வச்சிருக்கான்ல, அவனுக்குச் சொல்றாங்கன்னு விட்டுட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அக்கா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதை எழுதுனது நான்தாங்கய்யா” என்றேன்.

பெரியவர் எழுந்து உட்காரப் பார்த்தார். “நீங்களா? அடடா. நல்லாத்தான் தம்பி எழுதியிருக்கீங்க. எனக்குத்தான் படிப்பு பத்தல. தப்பா எடுத்துக்காதீங்க.”

“மாமா, நீங்க எதுக்கு சாரி சொல்றீங்க?” என்றார் அக்கா. கேள்வி அவருக்கு, பார்வை எனக்கு.

யாருக்காவது புரிந்ததா என்று நான் கேட்டதே இல்லை என்பதைச் சொன்னேன். “இன்னும் எத்தன வீட்ல இது ஒட்டியிருக்கு?” என்றார் அக்கா.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. பாதி ஊருக்கு அப்போதும் கரண்ட் வந்திருக்கவில்லை. கம்பெனிப் பெண்மணிக்குப் போன் செய்து, நான் அனுப்பிய மெயில் பொய் என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் காரை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டி, “ஜெனரேட்டர கார் ஷெட்டுக்குள்ள ஓட்டாதீங்க. அந்தப் பொக ஆளையே கொன்னுடும்” என்று சொல்லி, ஃப்ரிட்ஜிலிருந்து என் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு வீட்டில், மகனைப் பார்க்க வந்திருந்த அம்மா ஒருவர் தாளைத் தர மாட்டேன் என்றார்.

“தப்பா எழுதிட்டேம்மா, குடுங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்து, வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

“ஒரு எழுத்துகூட தப்பு இல்லையேப்பா” என்றார்.