ஐஸ் போட்ட வேரும் போடாத வேரும்

செல்லுக்குள்ளும் எலும்புக்கூடு மாதிரி ஒன்று இருக்கிறது, அது மெல்லிய குழல்களால் ஆனது என்று படித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஏலச்செடியின் வேர் நுனியில் அதைப் பார்த்தே தீருவது என்று ஆய்வுத் தலைப்பைப் பதிந்துவிட்டேன். எழுபதுகளில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வண்டிப்பெரியாரில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்குப் பின்னாலேயே ஏலச்செடி நின்றது. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பறித்த கொழுந்து சாக்குக்குள் சூடேறினால் தூள் கெட்டுவிடும். அவர் கண்ணில் பட்ட சாக்கையெல்லாம் கைவிட்டுப் பார்ப்பார்.

"கொழுந்தே சூடு தாங்காது. இந்தப் பிஞ்சு வேரு எப்படித் தாயி தாங்கும்?" என்று மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, வேர்களை ஃபிளாஸ்கில் வைத்துக் கொடுத்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆய்வகம் போய்ச் சேரும்வரை ஃபிளாஸ்கை மடியிலிருந்து இறக்கவில்லை.

மைக்ராஸ்கோப்பில் செல்சுவர் தெரிந்தது, உட்கரு தெரிந்தது. குழல் ஒன்றுகூட இல்லை. இன்னும் ஒரு தடவை பார், இல்லையென்றால் தலைப்பை மாற்று என்றார் பேராசிரியர். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. மற்ற செடிகளில் இருப்பது எங்கள் செடியில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? நூலகத்தையே புரட்டினேன். ஒரு கட்டுரையின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: கடுங்குளிரில் இந்தக் குழல்கள் கலைந்துவிடும்.

அடுத்த முறை, செல்லை இருந்தபடியே நிறுத்திவைக்கும் மருந்தைச் சீசாவில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா ஐஸுடன் தயாராக நின்றார். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"குளிருல கெடுறதும் உண்டா?" என்றார் பிறகு. "அப்ப ஐஸு போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு, ரெண்டையும் கொண்டுபோ. தேயிலைத் தூளையும் சாயம் எறக்கி, பக்கத்துல பக்கத்துல ஊத்தி வச்சுத்தான ருசி பாக்குறாங்க."

மைக்ராஸ்கோப்பில் கிடைத்த நேரத்தில் பாதியை ஐஸ் வேருக்குக் கொடுப்பதா என்று எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் ஒன்றை ஐஸில் வைத்தெடுத்தும், இன்னொன்றைப் பிடுங்கிய கையோடும் மருந்தில் போட்டேன்.

ஐஸில் வைக்காத வேரில், செல்சுவரை ஒட்டி வரிவரியாகக் குழல்கள். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்த பேராசிரியர், தலைப்பு இருக்கட்டும் என்றார்.

படங்களை அப்பாவிடம் காட்டினேன். குழல் தெரிந்த படத்தைச் சட்டென்று பார்த்துக் கீழே வைத்தார். வெறுமையாக இருந்த படத்தைத்தான் வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

"இதுலயும் இருந்திருக்கும்ல தாயி? நாமதான் கலைச்சுட்டோம்."

ஆமாம் என்றேன். ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதி நான் நிறுவியது அதைத்தான்.