எத்திராஜின் இரண்டாவது விசா

ஆலோசனை சொல்வதில் எனக்கிருக்கும் ஆர்வம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். இரண்டு மாதத்துக்கு முன்பு அப்படித்தான் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கும் எத்திராஜும் அவர் மனைவி கஸ்தூரியும் வந்தார்கள். எத்திராஜ் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கஸ்தூரி காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். எத்திராஜ் கையில், நிரப்பித் தரச் சொல்லி, இருவருக்குமான அமெரிக்க விசா பாரங்கள். கூடவே, ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு பாஸ்போர்ட்டுகள்.

ஒருவருக்கு எதற்கு இரண்டு? பழையதில் முத்திரை குத்த இடமில்லாமல் பக்கங்கள் தீர்ந்துபோய்ப் புதிதாக வாங்கியிருந்தார். ஆனால் கப்பல் ஊழியர்களுக்கான அமெரிக்க விசா பழையதில்தான் இருந்தது. அதற்கு இன்னும் மூன்று வருஷம் உயிர் பாக்கி. எனவே இரண்டையும் சேர்த்தே சுமந்தாக வேண்டும்.

"அதான் அமெரிக்க விசா கையிலயே இருக்கே?" என்றேன். எல்லாம் தெரிந்தவனல்லவா!

அந்த விசாவில் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் வரைதான் இறங்கி நடமாடலாம். ஆனால் எத்திராஜ் போக வேண்டியது ஒஹையோவுக்கு. கடலே இல்லாத ஊர். அங்கேதான் அவருடைய ஒரே மகள் ஹேமா இருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். இரண்டு மாதத்தில் பிரசவம்.

"அவ கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு தபா ஹூஸ்டன் போயிட்டேன் சார். ரெண்டு தபாவும் டாக்குல கீற போன்ல பேசுனதோட சரி. 'ஒரே நாட்டுல கீறோம், உன்ன பாக்க முடியலியே நைனா'ன்னு அயுதா. பதில் சொல்றதுக்குள்ள போன் கார்டு தீந்துபூச்சு..."

சரி, டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். ஜெராக்ஸ் கடை பாஷா பாய் அவரைப் பயமுறுத்தியிருந்தார். "ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமா மாமு? இத்த கேட்டா அத்தயும் கேன்சல் பண்ணிடுவான்!" கப்பல் விசா போனால் வேலை போச்சு. விசா இல்லாத சமையல்காரரைக் கம்பெனி கப்பலில் ஏற்றாது. மகளைப் பார்க்கப் போய், பிழைப்பை இழப்பதா? பிழைப்புக்காக மகளை விடுவதா?

நான் யோசித்தேன். என் மூளை குறுக்குவழியில் ரொம்ப வேகமாக ஓடும்.

"பழைய பாஸ்போர்ட்டைப் பீரோவுல வச்சுப் பூட்டுங்க. புதுசை மட்டும் எடுத்துட்டுப் போங்க. வெள்ளைப் பக்கம், யாருக்குத் தெரியும்? 'இதற்கு முன் அமெரிக்க விசா வாங்கியதுண்டா?'ன்னு கேக்குறானா... இல்லைன்னு போட்டுடுவோம்."

போட்டும் விட்டேன். எத்திராஜ் நிம்மதியாகத் தலையாட்டினார். கஸ்தூரி பாரத்தின் மேல் கையை வைத்தார்.

"இரு சார். நல்ல மீன் விக்கிறவ செவுளத் தூக்கிக் காட்டுவா. நாறுன மீனு வச்சிகினு இருக்கிறவதான் மூடி வெப்பா. இந்த மனுசன் பதினோரு தபா அமெரிக்கா போயிட்டு, பதினோரு தபாவும் ஒயுங்கா கப்பலேறித் திரும்பி வந்துகீறாரு. எவ்ளோ பேரு அப்டியே எறங்கி ஓடிட்டானுங்க! இத்தப் போயி எதுக்கு சார் மறைக்கணும்?"

வேறு எங்கேயாவது போய் முகத்தை வைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு. பொய் சொல்லி மாட்டியிருந்தால் கப்பல் விசாவும் போயிருக்கும், மகளையும் பார்த்திருக்க முடியாது. பாரத்தைக் கிழித்துப் போட்டேன். புதிதாக ஒன்றில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினோம்.

மூன்று வாரம் கழித்து அமெரிக்கத் தூதரகத்தில் இருவருக்கும் இண்டர்வியூ. உள்ளே நடந்ததைக் கஸ்தூரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு இளம்பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பெண் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாராம். "ஏற்கனவே ஒரு விசா இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?"

எத்திராஜ் ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் பதில் அந்த நேரம் பார்த்துக் கால் வாரிவிட்டது.

"அது கப்பலுக்கு மேடம்..." என்றிருக்கிறார். "இது பொண்ணுக்கு."

மொழிபெயர்த்ததைக் கேட்டு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். எத்தனை முறை போனீர்கள், எத்தனை நாள் இருந்தீர்கள் என்று இன்னும் நாலு கேள்வி. பிறகு இருவருக்கும் விசா என்று சொல்லிவிட்டார். ஆனால் எத்திராஜ் ஜன்னலை விட்டு நகரவில்லையாம். "பழசு...?"

"அதுவும் இருக்கட்டும். இரண்டும் செல்லும்."

அன்று மாலை பாஷா பாய் கடையிலேயே எங்களுக்கெல்லாம் டீ வந்தது. தன் பேச்சு பொய்த்துப்போனதில் பாய் முகத்தில் மட்டும் லேசான வருத்தம்.

நான்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பயம் வந்துவிட்டால் நாம் எதை மறைக்கிறோம்? தப்பையா? பல நேரம் நமக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே நல்ல விஷயத்தையே அல்லவா பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம்! கூடவே ஒரு படித்த ஆசாமி இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சாவியை அவனே கொடுப்பான்.

போன வாரம் ஒஹையோவிலிருந்து போன். பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். கஸ்தூரி குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாராம். எத்திராஜ் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"எப்படி இருக்கு அமெரிக்கா?" என்று கேட்டேன். பதினோரு முறை போய்வந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது?

அவர் சொன்னார்:

"இப்பதான் சார் மொத தபா... ஒரு வூட்டுக்குள்ள வந்துகீறேன்."