மூத்தவருக்கு முதல் நெம்பர்

கிணற்றுக்குக் கரண்ட் கேட்டு மனுக் கொடுத்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. டீசல் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை இறங்கிவிட்டது. மோட்டார் வந்தால் குச்சிக்கிழங்குக் காட்டை இன்னும் நாலு வருசம் நானே பார்த்துக்கொள்வேன். வராவிட்டால் குத்தகைக்கு விட்டுவிட்டு மகன் வீட்டில் போய் உட்கார வேண்டும். எனக்கு உட்கார்ந்து பழக்கமில்லை.

பட்டா என் பேரில்தான். வீட்டுக்காரர் போனபின் பிள்ளைகள் மாற்றிக் கொடுத்தது. ஆனால் கிராம அலுவலர் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "கிணறு உங்க நெம்பர்ல இல்லீங்களே ஆத்தா. அளந்து பார்த்துருங்க" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் தண்ணீர் இறைக்கிற கிணறு! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அளப்பதென்றால் பக்கத்துக் காட்டுக்கும் நோட்டீஸ் போகும். பக்கத்துக் காடு என் ஓரகத்தியுடையது, கொழுந்தனார் சம்சாரம். கொழுந்தனாரும் போனபின் அவளும் என்னைப் போலத் தனி ஆள்தான். வரப்பைக் கொத்திக் கொத்தி ஒல்லியாக்கிவிட்டாள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

சர்வேயர் சின்னப் பெண். கம்பின் தலையில் தட்டு மாதிரி ஒரு மிசின். முள்ளுக்குள் கிடந்த சர்வே கல்லையெல்லாம் தேடிப் பிடித்து அங்கங்கே கம்பை ஊன்றினாள். நான் கிணற்று மேட்டில் நின்றேன், ஓரகத்தி அவள் வாசற்படியில் நின்றாள். கடைசியில் அந்தப் பெண் எங்களுக்கு நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் சத்தம் போடக்கூடாதுங்க. கிணறு இருக்கற இந்தக் காடு அவங்க பட்டா நெம்பர். அவங்க ஊடு இருக்கற காடு உங்க நெம்பர். மாறிக் கிடக்குது."

எப்படி மாறியது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. முன்னே பட்டாவுக்குப் பேர் எழுத அதிகாரிகள் வந்த அன்று என் வீட்டுக்காரர் கிழங்கு லோடோடு ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குப் போயிருந்தார். கொழுந்தனார்தான் நின்றார். யாருக்கு எந்த நெம்பர் என்று கேட்டதற்கு, "மூத்தவருக்கு முதல் நெம்பரப் போடுங்க, எனக்கு ரெண்டாவது போதும்" என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்குச் செய்த மரியாதை என்று வந்து பெருமையாகச் சொன்னார். நானும் மனசு குளிர்ந்து இலை நிறையச் சோறு போட்டேன். முதல் நெம்பர் எந்தப் பக்கத்துக் காடு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்போது அவள் நினைத்தால் கிணறு போச்சு. அவளிடம் போய்க் கேட்க என் வாய் வராது. கொடுக்கக் கை வரும்.

"அம்மணி," என்று சர்வேயரைக் கூப்பிட்டேன். "என் நெம்பர்ல இருந்தாலும் அந்த ஊடு அந்தம்மாவுதுதான். எழுதிக் குடுத்தர்றேன்னு சொல்லு."

ஓரகத்தி படியை விட்டு இறங்கினாள். "குடுக்கறாங்களாமா? நான் வாங்கிக்கற ஊட்டுல பொறக்கலீங்க. கெணத்த நான் மொதல்ல எழுதிக் குடுக்கறேன்னு சொல்லுங்க."

"நான் முந்திச் சொல்லிட்டேன்னு சொல்லு."

"ஏனுங்க, மூத்தவங்கன்னா எல்லாத்துலயும் மொத நெம்பரா?"

சர்வேயர் பெண் கம்பைக் கீழே சாய்த்துவிட்டாள். "எனக்கு நெலத்த அளக்கத்தானுங்க சம்பளம், தூது போறதுக்கில்ல. ஒரே பத்திரத்துல ரெண்டு பேரும் மாத்திக் குடுத்துக்கலாம். பரிவர்த்தனைப் பத்திரம்னு பேரு."

பத்திர ஆபீசில் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். என் காட்டுக்கு நாலு எல்லை சொல்லும்போது, கிழக்கே அவள் பேர் சொல்லி அவள் நிலம் என்று வந்தது. அவள் காட்டுக்கு மேற்கே என் பேர். முன்னெல்லாம் அந்த இடத்தில் ஆம்பளைகள் பேர் மட்டும்தான் வரும். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்கள்.

கையெழுத்தை எழுத்துக்கு எழுத்து நிறுத்திப் போட்டேன். கைரேகை மிசின்தான் என் பெருவிரலை ஏற்கவில்லை. மண்வெட்டி தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? திரும்பத் திரும்ப வைத்தும் ஆகவில்லை. இன்னொரு நாள் வாருங்கள் என்றார் அங்கிருந்தவர்.

பின்னாலிருந்து ஓரகத்தி வந்தாள். என் கையைப் பிடித்து முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "இதுகூடத் தெரியாதாக்கா? பூவைத் தொடற மாதிரி வைக்கறீங்க. அமுக்குங்க." என் விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினாள். மிசின் ஏற்றுக்கொண்டது.

"வரப்பக் கொத்துன கையில்ல, பலமாத்தான் இருக்குது" என்றேன்.

"இனி கொத்த முடியுமா? மிசினோட அந்தப் புள்ளையக் கூட்டியாந்துருவீங்க" என்றாள். அங்கிருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிடும் வரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றோம்.

கரண்ட் வந்த அன்று சுவிட்சை நான்தான் போட்டேன். குழாய் முதலில் காற்றைத் துப்பியது, அப்புறம் செஞ்சேறு, அப்புறம் வெள்ளையாகத் தண்ணீர். அந்த வாரமே ஆள் விட்டு, தரிசாகக் கிடந்த மேல்மூலையிலும் கிழங்குக் குச்சி ஊன்றினேன். ஊன்ற வந்தவள், "இது வெளைய வருசம் ஆவுமே, உங்களுக்கு என்ன வயசுங்க ஆத்தா?" என்று கேட்டாள்.

"கெழங்கு புடுங்க வா, சொல்றேன்" என்றேன்.