அலுமாரிக்கு மேல் வைத்த கடிதங்கள்

அந்த அறையில் கணக்கு டீச்சர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், சூடானிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த உதவி டீச்சர் இருந்தார். என் மகள் ஹனா இருந்தாள், ஏழாம் வகுப்பு. நான் இருந்தேன், பேக்கரி வேலை உடுப்போடு. ஹனாவின் உம்மாவுக்கென்று போட்ட கதிரையில் யாரும் இல்லை. என் மனைவி தன் உம்மாவுக்குச் சுகமில்லை என்று இலங்கைக்கு, எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணிக்குப் போய் எட்டு மாதம். கதிரைகள் எல்லாம் பிள்ளைகளின் அளவுக்குச் செய்தவை. இருந்ததும் என் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கனடாவில் தகப்பனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் கோப்பி தருகிறார்கள். ஊரில் கூப்பிட்டால், பிள்ளை எதையோ உடைத்துவிட்டது என்று அர்த்தம். கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல செய்திதான் என்று நினைத்தேன்.

கணக்கு டீச்சர் இங்கிலீசில் ஒரு வரி சொல்வார். உதவி டீச்சர் என் பக்கம் திரும்பி அதை அரபியில் சொல்வார். நான் தலையாட்டுவேன். நடுவில் அல்லாஹ்வின் பெயர் வந்தது. "ஆமீன்" என்றேன். ஹனா மேசைக்குக் கீழே என் கையைக் கிள்ளினாள்.

"வாப்பா, ஆமீன் செல்லாதீங்க. நான் கணக்குல பெயில் எண்டு செல்றாங்க."

கணக்கு டீச்சர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டில் பேசும் மொழிப்படி பிரித்துப் போட்டிருந்தார்கள். பஞ்சாபி ஒரு வரிசை, சீனம் ஒரு வரிசை, அரபு ஒரு வரிசை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி. புள்ளி மேலே இருந்தால் கெட்டிக்காரப் பிள்ளை. அரபு வரிசையில் எல்லாப் புள்ளிக்கும் கீழே ஒன்று தனியாக நின்றது. டீச்சர் அதில் விரலை வைத்து "ஹனா" என்றார். ஊரில் என் மகள் கணக்கில் முதலாம் பிள்ளை. அது எனக்குத் தெரியும். அரபு வரிசையில் அவளுக்கு என்ன வேலை என்றுதான் தெரியவில்லை.

பிறகு தெரிந்தது. அது என் வேலை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, கந்தோரில் இருந்த பெண் எங்கள் பாஸ்போட்டைப் பார்த்து "டமில்?" என்று கேட்டாள். "நோ, முஸ்லிம்" என்றேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். நாங்கள் பேசுவது தமிழ், படிப்பது தமிழ், சண்டை பிடிப்பதும் தமிழில்தான். ஆனால் தமிழ் ஆக்கள் என்றால் அவர்கள் வேறு, நாங்கள் வேறு. பள்ளிக்கூடப் பதிவுக்கு, படிப்பிக்கிற சேர் இனம் என்னவென்று கேட்டால், வகுப்பே சேர்ந்து "முஸ்லிம்" என்று கத்தும். மொழி என்னவென்று யாரும் கேட்டதில்லை. யுத்தக் காலத்தில் துவக்கோடு சந்தியில் மறித்துக் கேட்டவர்களும் மொழியைக் கேட்கவில்லை. ஆகவே இந்தப் பெண்ணும் இனத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துவிட்டு "அரபிக்?" என்றாள். குர்ஆன் ஓதத் தெரியுமா என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். "யெஸ், யெஸ், குட்" என்றேன். ஹனாவிடம் ஒரு அரபுத் தாளைக் கொடுத்தார்கள். குறிஞ்சாக்கேணி மதரசாவில் ஓதிய பிள்ளை, தடக்கமில்லாமல் வாசித்தாள். எனக்குப் பெருமை. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த கடிதமெல்லாம் அரபியில் வந்தது. முதல் கடிதத்தை நின்றுகொண்டே உடைத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். சத்தம் வந்தது, விளக்கம் வரவில்லை. மதரசாவில் எங்களுக்கு ஓதத்தான் சொல்லித் தந்தார்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏதோ பிரார்த்தனை, துஆ அனுப்புகிறது, நல்ல நாடு என்று நினைத்தேன். அரபு எழுத்துள்ள தாளைக் கீழே போட எங்களுக்கு மனம் வராது. குப்பையில் போடுவது நினைக்கவும் ஏலாத விஷயம். கை கழுவி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலுமாரிக்கு மேல் வைத்தேன். அடுத்தது வந்தது. அதையும் வைத்தேன். மகளிடம் காட்டவில்லை. கேட்டால் எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்துவிடும். தொலைபேசியில் மனைவி, "மகள் எப்புடிப் படிக்கா?" என்று கேட்பாள். "நல்லாப் படிக்கா. பள்ளிக்கூடத்தால துஆவெல்லாம் அனுப்புறாங்க" என்பேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள்.

உதவி டீச்சர் கடைசிக் கடிதத்தின் பிரதியை எடுத்து என் முன்னால் வைத்தார். கையால் சைகை காட்டினார், வாசி என்று. வாசித்தேன். ஓதும் ராகத்தில்தான் எனக்கு வரும். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மெதுவாக ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். திரும்பவும் கேட்டார், இந்த முறை இங்கிலீசில். ஹனா சொன்னாள்: "அதுட விளக்கம் என்னெண்டு கேக்காங்க, வாப்பா." நான் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி டீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது.

மற்றது மெதுவாக வெளியே வந்தது. கிழமையில் மூன்று நாள், கணக்குப் பாடம் நடக்கும் நேரம், ஹனாவை உதவி டீச்சரின் அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மொழி உதவியாம். அங்கே அவர் அரபியில் சொல்லிக் கொடுப்பார். இவள் சும்மா இருப்பாள். கூச்சமான பிள்ளை என்று அவர் நினைத்திருக்கிறார். வருடம் முழுக்க இது நடந்திருக்கிறது. இப்படியே போனால் அடுத்த வருடம் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளின் கணக்கு வகுப்பில்தான் இருத்துவோம், அதிலிருந்து மேலே ஏறுவது கஷ்டம் என்பதுதான் கடிதங்களில் இருந்த விஷயம். ஒவ்வொரு கடிதத்திலும் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. இந்த முறை மகளிடமே நேரத்தைச் சொல்லி அனுப்பியதால்தான் போனேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன்.

"அரபு தெரியாதெண்டு நீ செல்லியிருக்கலாமே, மகள்?"

"செல்லியிருக்கலாம்."

"பொறகு?"

"செல்லியிருந்தா உங்களக் கூப்பிடுவாங்க. வந்தா நீங்க இங்கிலீசில கதைக்கணும். எல்லாருக்கும் முன்னால." பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். "கணக்கப் பொறகும் படிக்கலாம் வாப்பா."

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். என் வாப்பாவோடு களப்பில் மீன்பிடித் தோணி தள்ளப் போனதால் நின்றேன். பள்ளிக்கூடத்திலிருந்து சேர் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார், சுத்தத் தமிழில். வாப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அதை நாலாக மடித்துக் கூரைக் கிடுகு ஓலைக்குள் செருகினார். நான் வாசித்துக் காட்டவில்லை, அவர் கேட்கவும் இல்லை. பிறகு சேர் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். வாப்பா பின்பக்கத்தால் போய், கரையில் இழுத்து வைத்திருந்த தோணிக்குள் படுத்துக்கொண்டார். சேர் வேலியில் நின்று கரையைப் பார்த்தார். வாப்பாவின் கால் தோணிக்கு வெளியே தெரிந்தது. "உன்ட வாப்பா மீனுக்கு ஒளியிறாரா, எனக்கு ஒளியிறாரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது வாப்பாமேல் வெட்கம். என் பிள்ளைக்கு நான் இப்படி இருக்க மாட்டேன் என்று அன்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கு அழைத்தேன். அங்கே விடிந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஆமீன் சொன்னதையும் சொன்னேன். கணக்கு டீச்சர் கம்ப்யூட்டரில் மொழியை மாற்றியதைச் சொன்னேன்: தமிழ் என்று புதிதாக ஒரு வரிசை வந்தது, அதில் ஒரு புள்ளி, வேறு யாரும் இல்லை. கோடை விடுமுறைக்கு முன் ஹனாவுக்குத் திரும்பவும் சோதனை வைப்பார்கள். அதில் சரி வந்தால் வழமையான வகுப்பு. சரி வராவிட்டால் நான் செய்ததுதான் நிற்கும்.  தொலைபேசியில் மனைவிக்குப் பின்னால் சேவல் கூவுவது கேட்டது.

"எத்தின கடிதம் வந்திச்சு?" என்று கேட்டாள்.

கதிரையில் ஏறி உறையை எடுத்தேன். எடுக்கும்போதும் வலது கையால்தான் எடுத்தேன். மேசையில் ஒவ்வொன்றாக வைத்தேன். ஹனா பக்கத்தில் நின்று எண்ணினாள், தமிழில். வாப்பாவின் கூரையில் இருந்தது ஒன்று. என் அலுமாரிக்கு மேல் இருந்தவை பதினொன்று.