செவ்வந்தியின் நண்டு வேலி

செவ்வந்தி அக்கா மாதிரி ஒரு பிடிவாதக்காரி எங்கள் கீழ்வேளூர்ப் பக்கத்தில் கிடையாது. சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். பாடுபட்டு வாங்கிய சொந்த நிலத்திலோ உப்பு ஏறி நெல் கருகியது. உப்பில் வளர்வதையே வளர்ப்போம் என்று அதைக் குளமாக வெட்டி இறால் விட்டாள். இனி அந்த மண்ணில் நெல் வராது. இறாலும் போனால் புருஷன் கண்ணுசாமியோடு திருப்பூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நண்டு நோயைக் கொண்டுவரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், குளத்தைச் சுற்றி வலையால் வேலி கட்டிவிட்டாள்.

"வீட்டுக்குக்கூட இவ்வளவு காவல் இல்லையேக்கா" என்று கேலி செய்தேன்.

"வீட்ல திருட என்னடி இருக்கு?" என்றாள்.

மாசியில் கண்ணுசாமி மாமாவுக்குச் சளிக்காய்ச்சல். எங்கள் பக்கத்தில் அதற்கு நண்டு ரசம்தான். அக்கா வாய்க்காலில் நண்டு பிடித்து, இறால் குளத்தங்கரையிலேயே உட்கார்ந்து ஓட்டை உடைத்துக் கழுவினாள். வேலி ஏறும் நண்டுதான் அவளுக்கு எதிரி. சட்டிக்குப் போகும் நண்டை அவள் நண்டாகவே நினைக்கவில்லை.

சில நாளில் குளத்தில் இறக்கிய தட்டில் தீனி தின்னாமல் அப்படியே கிடந்தது. இறால்கள் கரையோரம் ஒதுங்கின, ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள். நாலைந்து இறாலைப் பையில் கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் நாகப்பட்டினம் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினோம்.

"வெள்ளைப்புள்ளி வைரஸ்ங்க" என்றார் அங்கே வேலை பார்க்கும் பரிதி.

"மருந்து சொல்லுங்க தம்பி."

"இல்லீங்க. வைரஸ் மேல ஒரு புரதம் இருக்கு. அது இறாலோட செல்லுல ஒட்டிக்கும், செல்லே அதை உள்ள இழுத்துக்கும். நேரா உட்கருவுக்குப் போயி, தன்னை மாதிரியே செய்யச் சொல்லி உத்தரவு போடும். செல்லு தன் வேலையை விட்டுட்டு வைரஸையே செஞ்சு செஞ்சு வெடிச்சுடும். வெளிய வர்றது அத்தனையும் பக்கத்துச் செல்லுக்குப் போகும்."

"ஊசி கீசி?"

"நம்ம ஒடம்பு ஒருதடவை வந்த நோயை ஞாபகம் வச்சுக்கும். இறாலுக்கு அந்த மாதிரி ஞாபகம் கிடையாதுங்க. ஊசி எதை நம்பிப் போடறது?"

"வேலி போட்டிருந்தேனே தம்பி. ஒரு நண்டு ஏறலையே!"

"நண்டே ஏறணும்னு இல்லீங்க. அது நோயைச் சுமக்கும், ஆனா சாகாது. கொதிக்க வச்சா வைரஸ் செத்துடும். பச்சை நண்டு கழுவின தண்ணி, சதைத் துணுக்கு குளத்துல விழுந்தா போதும். இறால் தின்னுடும்."

அக்கா என்னைப் பார்த்தாள்.

அந்த வாரமே குளம் முழுக்க இறால் செத்து மிதந்தது. நோய் அடுத்த குளங்களுக்குப் பரவாமலிருக்க பிளீச்சிங் பவுடர் கொட்டினோம். அக்கா குனிந்து வேலி வலையை முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்ட மாமா கரையில் வந்து நின்றார். பரிதி சொன்னது எதுவும் அவருக்குத் தெரியாது. அவளைத் தேற்றுவதாக நினைத்து அந்த மனிதர் சொன்னார்:

"விடு புள்ள, நீ என்ன பண்ணுவ? நீ வச்ச நண்டு ரசம்தான் என்னை எழுப்பி உக்கார வச்சுச்சு. திருப்பூர்ல நண்டு கெடைக்குமா?"

அக்கா அடுத்த முடிச்சை அவிழ்த்தாள்.