மக்டலீன் அக்காவின் வாடாத செடி

மக்டலீன் அக்கா தொட்டால் செடி செத்துப்போகும். இது குருநகர் முழுக்கத் தெரிந்த விசயம். உப்புத் தரை என்று அவர் காரணம் சொல்லுவார். அவர் பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே பிளாஸ்ரிக் பூவும் தலையைத் தொங்கப் போடும் என்று, அடுத்த வீட்டுக்காரனான நான் சொல்லுவேன். றோசா, குறோட்டன், செவ்வந்தி எல்லாம் அந்த முற்றத்தில் உயிரை விட்டவைதான்.

மற்றபடி அந்தக் கைக்கு நிகர் இல்லை. கலியாணம் கட்டி வந்த நாள் முதல் புருசன் கிறகோரி அண்ணையின் மீன்பிடிக் கூடுகளின் கயிறுகளைச் சுரண்டுவது அவர்தான். கடலில் கிடக்கும் கயிற்றில் மண்ணிறத்தில் இறகு இறகாய் ஒன்று படரும். பாசி என்போம். தொட்டால் கை எரியும். அக்கா எரிவுக்குப் புளித்த வினாகிரியைத் தடவிக்கொண்டு மிச்சத்தையும் சுரண்டுவார். அவர் சுரண்டியதைக் குவித்திருந்தால் இன்னொரு தீவே எழும்பியிருக்கும், பஸ்ஸும் விட்டிருக்கலாம்.

போன வருசம் கடைசி றோசாவும் செத்து, அக்கா அழுத கிழமை, அண்ணை ஒரு சின்னச் சாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வெள்ளைக் கல்லுக்கு நடுவில் கடும் பச்சையில் ஒரு செடி.

"கப்பல்காரச் சிநேகிதன் ஒருத்தன் இத்தாலியிலை இருந்து கொண்டந்தவன். தண்ணி வேண்டாம், வெயில் வேண்டாம். வாடாது."

"நான் தொடலாமோ?"

"தாராளமாத் தொடு."

வாடவில்லை. அக்காவின் நடையே மாறிவிட்டது. புருசனோடு ஒரு மாதம் கதைப்பதை அதனோடு ஒரு காலையில் கதைத்து முடிப்பார். மாதா திருநாளுக்குச் சாடியைக் கோயில் பீடத்திலேயே வைத்தார். "ஆர் வளத்தது?" என்று சுவாமியார் கேட்க, "நான்தான் சுவாமி" என்றார். பக்கத்தில் நின்ற கிறகோரி அண்ணை கோயில் கூரையை அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகொரு ஞாயிறு மருமகள் முறையான ஜெசிதா சாப்பிட வந்தாள். இங்கே பக்கத்துத் திருநெல்வேலிக் கம்பசில் கடல் உயிர்களைப் பற்றிப் படிப்பவள். நண்டுக் குழம்பு மணத்தைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருந்தேன். பெட்டை சாடியைக் கண்டு கையில் எடுத்தாள்.

"மாமி, இது செடியில்லை. கடல் பிராணி. செத்துக் காஞ்சது."

ஒரு கிளையை முறித்து, தண்ணீர் விட்ட பீரிசுத் தட்டில் போட்டாள். தண்ணீர் பச்சையாகியது. கிளை மண்ணிறமாகியது. பையிலிருந்த பூதக்கண்ணாடியை மாமியிடம் கொடுத்தாள்.

"சின்னச் சின்னக் கிண்ணம் தெரியுதே? ஒவ்வொண்டுக்கையும் ஒரு உயிர் இருந்தது. வாயைச் சுத்திக் கை. அந்தக் கைதான் சுடுறது. ஒண்டு திண்டா மற்றதுக்கும் போகும், குழாய் ஒண்டுதான்."

"எப்பிடி உண்டாகிறது?"

"கண்ணுக்குத் தெரியாத குஞ்சு நீந்தி வந்து ஒட்டும். பிறகு அசையாது. அதிலை ஒண்டு முளைச்சு, அதிலை இன்னொண்டு முளைச்சு மரம் மாதிரி வரும். சில சாதியிலை மொட்டு விட்டு, அது குட்டிச் சொறிமீனாப் பிரிஞ்சு போய் முட்டை போடும். இந்தச் சாதி முட்டையைத் தன்னிலேயே வைச்சிருந்து குஞ்சைத்தான் வெளியிலை விடும்."

"இப்ப உள்ளுக்கை?"

"ஒருத்தருமில்லை மாமி. வெறும் வீடு."

"எதிலை ஒட்டும் எண்டனீ?"

முற்றத்தில் கிடந்த கயிற்றுக் குவியலை அக்காவே பார்த்தார்.

கிறகோரி அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஓலைப்பெட்டிக்குப் போடுற சாயம்," என்றார் கடைசியில். "நீ அழுதாய் எண்டுதான்..."

"அழுதது றோசாவுக்கு. பீடத்திலை வைக்கேக்கை பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?"

"சொல்ல நினைச்சனான். உன்ரை முகத்தைப் பாத்திட்டு விட்டிட்டன்."

"நான் சுரண்டி எறிஞ்சதை எனக்கே தந்திருக்கிறியள். நானும் மாதாவுக்குக் குடுத்திருக்கிறன்."

எனக்கு ஒரு பகிடி வாய்வரை வந்தது. விழுங்கினேன். நண்டு செரித்துவிட்டது, அது இன்னும் செரிக்கவில்லை.

அடுத்த கிழமை கயிறு வந்தது. அக்கா அசையவில்லை. அண்ணையே சுரண்டினார். கை இரண்டும் பேக்கரிப் பணிஸ் போல வீங்கின.

"மக்டலீன், வினாகிரி எங்கை?"

"சாடிக்குப் பக்கத்திலை."

அண்ணை உள்ளே போனார். சாயம் கழுவிய மண்ணிறக் கிளை, அதே சாடியில் அதே மேசையில் நின்றது.

"இதை எறியேல்லையோ?"

"ஏன் எறிவான்?" என்றார் அக்கா, திரும்பிப் பாராமல். "வாடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."